கோஷர் முத்திரை: செயலியில் பார்கோடைக் காட்டினால் பதில் கிடைத்துவிடுமா?

நெய்தல்வாசி (நியூ ஜெர்சி) எழுதியது:

வணக்கம். மளிகைக் கடைகளுக்குப் பொருள் விவரம் தரும் தரவுத்தளம் ஒன்றில் வேலை செய்கிறேன். பார்கோடு எண், எடை, உட்பொருள்கள், ஒவ்வாமை எச்சரிக்கை ஆகியவற்றோடு 'கோஷர்', அதாவது யூத மத உணவு விதிகளுக்கு உட்பட்டது, என்று ஒரு கட்டமும் எங்களிடம் உண்டு. அதில் ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் நிரப்ப முடியும். அந்தக் கட்டத்தை அப்படியே வாடிக்கையாளரின் திறன்பேசியில் காட்டிவிடலாம் என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

யூத மத உணவு விதிகளின்படி ஒரு பொருள் தயாரானதா என்பதை அமெரிக்காவில் அரசு சான்றளிப்பதில்லை. தனி அமைப்புகள் சான்றளிக்கின்றன. வட்டத்துக்குள் யு என்ற எழுத்து இருந்தால் நியூயார்க்கின் ஆர்த்தடாக்ஸ் யூனியன். 1923இல் ஹைன்ஸ் நிறுவனத்தின் சைவ பீன்ஸ் டப்பாவில் அச்சாகத் தொடங்கிய முத்திரை அது. வட்டத்துக்குள் கே என்றால் ஓகே என்ற அமைப்பு. நட்சத்திரத்துக்குள் கே என்றால் பால்டிமோரின் ஸ்டார்-கே. முக்கோணம் என்றால் சிகாகோவின் சிஆர்சி. இவை பெரிய அமைப்புகள். இவற்றைத் தவிரச் சிறியனவும் ரபிகள் எனப்படும் உள்ளூர் யூத மதகுருக்கள் நடத்துவனவுமாக உலகம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. வட்டமோ நட்சத்திரமோ இல்லாமல் வெறும் கே மட்டும் போட்ட பொட்டலங்களும் கடையில் உண்டு. தனி எழுத்துக்கு யாரும் வணிக முத்திரை உரிமை கோர முடியாது என்பதால் அதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதன் பின்னால் நல்ல ரபியும் இருக்கலாம், யாருமே இல்லாமலும் போகலாம்.

முத்திரைக்குப் பக்கத்தில் டி இருந்தால் பால் வகை. பி இருந்தால் பாஸ்கா பண்டிகைக்கும் உகந்தது. பாலோ இறைச்சியோ எதுவும் சேராதது பாரெவ். இத்தனையையும் ஒரு 'ஆம்' என்ற சொல்லுக்குள் அடைத்துவிட்டால் கோஷர் பார்க்கிற குடும்பத்துக்கு அதனால் என்ன பயன்? யார் சான்றளித்தது, எந்த வகை, எந்த ஆலை, எதுவரை செல்லும் என்ற நான்கையும் காட்ட முடியாவிட்டால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. உங்கள் அனுபவம் என்ன?

சைவப்பிள்ளை (டெக்சஸ்) எழுதியது:

அண்ணா, நீங்கள் அலட்டிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் யூதர்கள் அல்ல. ஆனாலும் இங்கு வந்த நாள் முதலாக எங்கள் வீட்டில் மளிகை வாங்குவது கோஷர் முத்திரையைப் பார்த்துத்தான். பாரெவ் என்று போட்டிருந்தால் சைவம், டி என்று போட்டிருந்தால் பால் சேர்ந்த சைவம். எங்கள் கோயிலில் பாதிப் பேர் இப்படித்தான் வாங்குகிறார்கள். பார்கோடைக் காட்டினால் ஆம் என்று ஒரு பச்சை விளக்கு எரிந்தால் எங்களுக்கு அதுவே பெரிய உதவி.

நெய்தல்வாசி எழுதியது:

பிள்ளைவாள், பாரெவ் என்பதில் முட்டை அடங்கும். மீனும் அடங்கும். வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி இனத்து மீன் உண்டு, ஆனாலும் அதற்குக் கோஷர் முத்திரை கிடைக்கும். மீனை இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்ற வழக்கத்துக்காக அதில் 'மீன்' என்று தனியாகக் குறிப்பதும் உண்டு. ஜெலட்டினும் அப்படித்தான். மீன் தோலிலிருந்தோ, விதிப்படி அறுத்த மாட்டிலிருந்தோ எடுத்தால் அதுவும் கோஷர்.

உங்களுக்கு உதவுகிற இடமும் இல்லாமல் இல்லை. இ120 என்ற சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்து வருவது, முத்திரையுள்ள பொருளில் அது இருக்காது. பன்றிக் கொழுப்பும் இருக்காது. ஓரியோ பிஸ்கட்டில் முன்பு பன்றிக் கொழுப்பு இருந்தது. அதை மாற்றி, அடுப்புகளையெல்லாம் சுத்திகரித்த பிறகுதான் 1997 இறுதியில் அதற்கு முத்திரை கிடைத்தது. ஆனால் நீங்கள் கேட்கிற பச்சை விளக்கு நெத்திலிக்கும் எரியும் என்பதை மறக்க வேண்டாம்.

சைவப்பிள்ளை எழுதியது:

நெத்திலியா! வீட்டில் இன்று நல்ல கலவரம். சாஸ் புட்டியை எடுத்துப் பார்த்துவிட்டேன். வேறு எதையும் இப்போது எழுதும் நிலையில் இல்லை.

மல்லிகைப்பந்தல் (சிகாகோ) எழுதியது:

நெய்தல்வாசி அண்ணா, இன்னொரு கூட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகனுக்குப் பால் ஒவ்வாமை. அவனுக்கு வயிற்று உபாதை வராது, மூச்சே நின்றுவிடும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் தாய்மார் குழுக்களில் 'பாரெவ் என்றால் பால் இல்லை, தைரியமாகக் கொடுக்கலாம்' என்று யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அது தவறான அறிவுரை.

யூத சட்டத்தில் தவறுதலாகக் கலந்த சிறு அளவு அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் பெரும்பாலும் அது இல்லாததற்குச் சமம் என்று ஒரு விதி உண்டு. மதத்துக்கு அது போதும். ஒவ்வாமைக்கு அறுபதில் ஒன்று என்பது மலையளவு. ஆகவே நான் டி என்ற குறியை மட்டும்தான் பயன்படுத்துகிறேன். டி இருந்தால் வாங்க மாட்டேன், அவ்வளவுதான். டி இல்லை என்பதற்காக வாங்கவும் மாட்டேன், உட்பொருள் பட்டியலையும் எச்சரிக்கையையும் படித்துத்தான் முடிவு செய்வேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓரியோவின் உட்பொருள் பட்டியலில் பால் கிடையாது, ஆனாலும் டி போட்டிருப்பார்கள். 2012இல் டிரேடர் ஜோஸ் கடையின் சாக்லேட் துணுக்குகள் பாரெவிலிருந்து பால் வகைக்கு மாறின. உட்பொருளில் ஒரு மாற்றமும் இல்லை. பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் செய்த மாற்றத்தால் பால் சேரக்கூடும் என்ற எச்சரிக்கை வந்தது, அதையொட்டி முத்திரையும் மாறியது. இறைச்சியோடு பால் சேரக் கூடாது என்பதால், இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகு தருகிற பலகாரத்துக்கு அந்தத் துணுக்கையே நம்பியிருந்த யூதக் குடும்பங்கள் இணையத்தில் மனு போட்டுக் கையெழுத்து வேட்டை நடத்தின. அப்போது எத்தனை பேர் வீட்டில் பழைய பொட்டலமும் புதிய பொட்டலமும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கும்? அன்று உங்கள் செயலி என்ன பதில் சொல்லியிருக்கும்?

மேல்மாடி (பெங்களூரு) எழுதியது:

எல்லாரும் தொழில்நுட்பத்தைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். கேமராவில் முத்திரையைப் படம் எடுத்தால் எந்த அமைப்பு என்று கணினி கண்டுபிடித்துவிடும். ஆயிரம் முத்திரைகளை மனிதன் நினைவில் வைத்திருக்க முடியாது, கணினியால் முடியும். ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்று 2012 முதல் மக்களே நிரப்புகிற திறந்த தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. அதில் பொட்டலத்தின் படமே இருக்கும். உட்பொருள் பட்டியலைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அதுவே கோஷரா என்று சொல்லிவிடுகிறது, நான் கேட்டுப் பார்த்தேன். இதற்கு ஏன் ரபி, ஏன் அமைப்பு, ஏன் கட்டணம்?

ஊறுகாய்ப்பானை (திண்டுக்கல்) எழுதியது:

மேல்மாடித் தம்பிக்கு ஆலையின் உள்ளே இருந்து பதில் சொல்கிறேன். நான் வேலை செய்வது கெர்கின் எனப்படும் சிறு வெள்ளரிக்காயைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்தப் பண்ணை முறையில் விளையும் இந்தக் காய் உள்ளூர்ச் சந்தையில் விலை போகாது. எல்லாம் கப்பலேறிப் போவதுதான். அமெரிக்காவுக்குப் போகிற சரக்குக்குக் கோஷர் சான்று கேட்காத வாங்குநர் அபூர்வம்.

வெள்ளரிக்காய், உப்பு, தண்ணீர், வினிகர், மசாலா. இதில் கோஷர் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லாரும் கேட்பார்கள். புட்டியின் லேபிளில் 'வினிகர்' என்று ஒரு சொல்தான் இருக்கும். திராட்சை மதுவிலிருந்து வந்த வினிகர் என்றால் விதி வேறு, திராட்சைப் பொருள் எல்லாவற்றுக்கும் தனிக் கண்காணிப்பு வேண்டும். லேபிளில் 'பாலிசார்பேட் 80' என்று இருக்கும். மஞ்சள் நிறத்துக்காகச் சேர்க்கிற மஞ்சள் சாற்று எண்ணெய் தண்ணீரில் கலக்க அது தேவை. அதற்குள் இருக்கிற கொழுப்பு அமிலம் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். இரண்டும் ஒரே வேதிப்பொருள், ஒரே பெயர், நுகர்ந்தாலும் தெரியாது, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும் பெரும்பாலும் தெரியாது. உங்கள் செயற்கை நுண்ணறிவு லேபிளைத்தானே படிக்கிறது? லேபிளில் இல்லாததை அது எங்கிருந்து எடுக்கும்?

எங்களிடம் சான்றோடு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று உள்ளே வரலாம் என்று அனுமதிக்கப்பட்ட உட்பொருள்களின் பட்டியல். அதில் பொருளின் பெயர் மட்டும் போதாது, யார் தயாரித்தது, எந்தச் சான்றின் கீழ் என்பதும் இருக்கும். மற்றொன்று நாங்கள் முத்திரையோடு வெளியே அனுப்பலாம் என்று அனுமதித்த பொருள்களின் பட்டியல். புதிதாக ஒரு உட்பொருள் வாங்க வேண்டுமென்றால் அமைப்பின் இணையதளத்தில் விண்ணப்பித்து, சப்ளையரின் சான்றை ஏற்றி, பதில் வரும் வரை அந்தப் பீப்பாயை வாயிலுக்கு வெளியே நிறுத்த வேண்டும். கொள்முதல் பிரிவுக்காரர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது. கிலோவுக்கு நாலு ரூபாய் குறைவாகக் கொடுக்கிற வியாபாரி கிடைத்துவிட்டால் போதும், 'அதே பாலிசார்பேட்தானே சார்' என்பார்கள்.

ரபி வந்தால் முதலில் சமையல் கொப்பரையைப் பார்ப்பார் என்று நினைப்பீர்கள். எங்களிடம் வருகிறவர் நேராகச் சரக்கு உள்வரவுப் பதிவேட்டைக் கேட்பார். பிறகு கிடங்கில் பீப்பாய் பீப்பாயாகக் குனிந்து லேபிளில் உள்ள தொகுதி எண்ணைத் தன் திறன்பேசியில் படம் எடுப்பார். பதிவேட்டில் இல்லாத ஒரு பீப்பாய் கிடங்கில் இருந்தாலோ, கிடங்கில் காலியான அளவுக்குப் பதிவேட்டில் வரவு இல்லாவிட்டாலோ அன்று பகல் சாப்பாடு யாருக்கும் இறங்காது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கெர்கின் வெளிநாட்டு வாங்குநரின் பெயரில்தான் விற்பனையாகிறது. அதே பெயர், அதே அளவுப் புட்டி, அதே பார்கோடு. அதை எங்களிடமும் வாங்குவார், வேறு நாட்டு ஆலையிலும் வாங்குவார். சான்று ஆலைக்கு ஆலை தனி. பார்கோடு பொருளைத்தான் காட்டும், ஆலையைக் காட்டாது. நெய்தல்வாசி 'எந்த ஆலை' என்று எழுதியதைப் படித்ததும் இவர் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்தது.

மேல்மாடி எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கம் அருமை. ஆனால் இது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. அந்த இரண்டு அட்டவணைகளையும் அப்படியே இணையத்தில் போட்டுவிடுங்கள். தொகுதி எண் முதல் சப்ளையர் வரை பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் யாரும் பிறகு திருத்த முடியாது. வாடிக்கையாளர் தானே பார்த்துக்கொள்ளட்டும். எதற்கு ரகசியம்?

சட்டப்புள்ளி (நியூயார்க்) எழுதியது:

ரகசியம் இல்லாவிட்டால் சான்றே இல்லை. 1935இல் அட்லாண்டா நகர ரபி டோபியாஸ் கெஃபன் கொக்கக் கோலாவைப் பற்றி எழுதிய தீர்ப்பு இதற்கு நல்ல சாட்சி. யூதர்கள் கோலா குடிக்கலாமா என்று பல ஊர்களிலிருந்தும் அவரிடம் கேள்வி வந்துகொண்டிருந்தது. நிறுவனத்தின் தலைமையகம் அவர் ஊரில்தான். சேர்மானப் பட்டியலை வெளியே சொல்லக் கூடாது என்ற உறுதியின் பேரில் அவருக்குக் காட்டினார்கள். அதில் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் இருந்தது. பாஸ்கா காலத்தில் ஆகாத தானிய ஆல்கஹாலும் இருந்தது. நிறுவனம் முதலாவதைத் தாவர எண்ணெய்க் கிளிசரினுக்கு மாற்றியது, பாஸ்காவுக்காக இரண்டாவதையும் மாற்றியது. ரபி தீர்ப்பை எழுதியபோது அந்தச் சேர்மானங்களை அவற்றின் சொந்தப் பெயரால் சுட்டாமல் மறைபெயரால்தான் குறித்தார்.

கோஷர் சான்றின் அடித்தளம் இன்றும் இதுதான். ஆலை தன் சப்ளையர் பட்டியலைப் போட்டியாளர் கண்ணில் காட்டாது. நம்பகமான ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லை யார் சொன்னது என்பதுதான் வாடிக்கையாளருக்குக் கிடைக்கிற தகவல். பிளாக்செயினில் எழுதியதைத் திருத்த முடியாது என்பது சரி. ஆனால் பொய்யை எழுதினாலும் திருத்த முடியாதே, மேல்மாடி?

சட்டமும் சுற்றிச் சுற்றி இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. நியூயார்க் மாநிலம் 1915இலேயே கோஷர் மோசடித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆர்த்தடாக்ஸ் என்ற யூதப் பிரிவின் விதிகளின்படி இல்லாததைக் கோஷர் என்று விற்றால் குற்றம். லாங் ஐலண்டின் ஒரு இறைச்சிக் கடை வழக்குப் போட்டது. எது கோஷர் என்று ஒரு பிரிவின் விதியை வைத்து அரசு தீர்மானிப்பது மதச் சார்பு என்று 2002இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளைச் செல்லாதென்று ஆக்கியது. நியூ ஜெர்சியில் இதேபோல் 1992இலேயே நடந்துவிட்டது. பிறகு 2004இல் நியூயார்க் புதுச் சட்டம் இயற்றியது. அதில் கோஷர் என்றால் என்ன என்ற வரையறையே கிடையாது. 'உங்கள் பொருளைக் கோஷர் என்று யார் சான்றளித்தார்கள் என்பதை அறிவியுங்கள்' என்பது மட்டும்தான் கட்டளை. கடைக்காரர் கடையில் எழுதி வைக்க வேண்டும், மாநில வேளாண் துறையிடமும் பதிய வேண்டும். அரசே ஆம், இல்லை என்று சொல்லத் துணியாத விஷயத்தில் நெய்தல்வாசியின் அலுவலகம் மட்டும் துணிவானேன்?

இஸ்ரேலில் நிலைமை வேறு. அங்கே 1983இன் சட்டப்படி ஓர் உணவகம் தன்னைக் கோஷர் என்று எழுத்தில் அறிவிக்கத் தலைமை ரபிப் பீடத்தின் சான்று வேண்டும். பீடத்திடம் போகாத உணவகங்கள் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு, தங்களை யார் கண்காணிக்கிறார்கள், எப்படி என்று உண்மையை விவரித்து எழுதிக்கொள்ளலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அங்கும் 'யார்' என்ற விவரத்துக்குத்தான் கதவு திறந்தது.

ஹெண்டன்காரி (லண்டன்) எழுதியது:

எல்லாரும் அமெரிக்காவையே பேசுகிறீர்கள். இங்கே பிரிட்டனில் சூப்பர்மார்க்கெட்டில் விற்கிற சாதாரண ரொட்டி, பிஸ்கட், தானியம் பெரும்பாலானவற்றில் முத்திரையே இருக்காது. லண்டன் பெத் தின் என்ற ரபி மன்றத்தின் கோஷர் பிரிவு உற்பத்தியாளரிடம் விசாரித்து, ஏற்கத்தக்கவை எவை என்று பட்டியல் வெளியிடும். முன்பு அது ஆண்டுதோறும் புத்தகமாக வந்தது. இப்போது இணையத்தில் தேடலாம். ஆஸ்திரேலியாவிலும் பிரான்சிலும் இப்படிப் பட்டியல் வழக்கம் உண்டு. ஆகவே முத்திரையைக் கேமராவில் காட்டுகிற யோசனை இங்கே செல்லாது, காட்டுவதற்கு முத்திரை இருந்தால்தானே? புத்தகக் காலத்தில் ஜனவரியில் அச்சானதை டிசம்பரிலும் நம்ப வேண்டியிருந்தது. அந்த இடத்தில் இணையம் செய்திருக்கிற உதவி பெரியது.

மல்லிகைப்பந்தல் அம்மா சிகாகோவில் இருப்பதாக எழுதியிருக்கிறார். செவன் இலெவன் கடையில் இயந்திரத்திலிருந்து பிடித்துக் குடிக்கிற ஸ்லர்பி என்ற பானத்துக்குச் சிஆர்சி அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, எந்தச் சுவை பால் வகை, எது பாரெவ் என்று. கோப்பையில் எந்த முத்திரை இருக்கப் போகிறது? கடையில் நின்றபடியே பார்க்கக் கையில் செயலி இருந்தால்தான் அந்தப் பட்டியலுக்குப் பொருள்.

ஆனால் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற எனக்கு மறுபக்கமும் தெரியும். பாஸ்கா நெருங்கினால் மாத்திரையில் கோதுமை மாவுச்சத்து இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களில் மிகக் கண்டிப்பானவர்களிடம் திறன்பேசியே இருக்காது. ரபிகள் ஏற்றுக்கொண்ட, இணையம் இல்லாத 'கோஷர் போன்' மட்டும்தான் இருக்கும். கையில் மடித்த தாள் இருக்கும், சமூகத்தில் அச்சடித்து வினியோகித்த மருந்துப் பட்டியல். போன வாரம் மாறிய மாத்திரைக்குப் போன மாதம் அச்சான தாளை நீட்டுவார்கள். நான் உற்பத்தியாளரின் குறிப்பைத் திரையில் காட்டினால் திரையைப் பார்க்க மாட்டார் ஒரு முதியவர். 'ரபியிடம் போனில் படித்துக் காட்டு மகளே' என்பார். படித்துக் காட்டுவேன். மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்றுதான் பெரும்பாலும் மறுமுனையில் பதில் வரும், உயிருக்கு ஆபத்தென்றால் விதி தளரும்.

யாருக்குத் தகவல் மிகவும் தேவையோ அவர்களிடம் செயலி போய்ச் சேராது. இது போதாதென்று சனிக்கிழமை ஓய்வு நாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர்கள் அன்று போனைத் தொட மாட்டார்கள். தொலைபேசி உதவி எண்ணும் அச்சுத் தாளும் இன்னும் நெடுங்காலம் இருக்கும். உங்கள் தரவுத்தளத்திலிருந்து ஒரு நல்ல அச்சுத் தாள் எடுக்க முடியுமா என்று பாருங்கள், நெய்தல்வாசி.

மேல்மாடி எழுதியது:

சரி, லேபிளை மட்டும் படித்துச் சொல்கிற செயற்கை நுண்ணறிவை விட்டுவிடுகிறேன். பாலிசார்பேட் சங்கதிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள். உள்ளே போய்ப் பார்த்த ரபியே ஏமாந்தால்? 2006இல் நியூயார்க் மாநிலத்தின் மான்சி ஊரில் ஊரே நம்பிய கடைக்காரர் கோஷர் அல்லாத கோழியைக் கோஷர் என்று விற்ற கதை உண்டு. அங்கே 'யார்' என்ற கேள்விக்கு எல்லாரிடமும் விடை இருந்தது. என்ன பயன்?

சட்டப்புள்ளி எழுதியது:

உண்மை. அங்கே எந்தச் செயலியும் உதவியிருக்காது. ஆனால் 2013இல் லாஸ் ஏஞ்சலிஸில், பாஸ்காவுக்குச் சற்று முன்பு, ஒரு இறைச்சிக் கடை பிடிபட்டது கேமராவால்தான். தனியார் துப்பறிவாளர் ஒருவர் கண்காணிப்பாளர் இல்லாத நேரத்தில் பெட்டிகள் உள்ளே போவதைப் படம் பிடித்தார். தொழில்நுட்பம் வாடிக்கையாளர் கையில் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. 2020இல் கொரோனாவால் பயணம் நின்றபோது பல அமைப்புகள் காணொளி வழியாக ஆலைகளைச் சோதித்தன. அதை நிரந்தரமாக்கலாமா என்பதில் ரபிகளிடையே ஒரே கருத்து இல்லை.

ஊறுகாய்ப்பானை எழுதியது:

அந்தக் காணொளிச் சோதனையில் நானும் இருந்தேன். போனைப் பிடித்துக்கொண்டு கிடங்கில் நடந்தவன் நான்தான். எந்தப் பக்கம் திருப்புவது என்பது என் கையில் இருந்தது. நான் நேர்மையாகத் திருப்பினேன், அது வேறு. நேரில் வந்தால் அவர் தன் கழுத்தைத் தானே திருப்புவார். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நெய்தல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மல்லிகைப்பந்தல் கேட்ட கேள்வியை விட முடியவில்லை. பழைய பொட்டலமும் புதிய பொட்டலமும் ஒரே பார்கோடில் இருந்தால் என்ன செய்வது?

இதற்கு யூதர்களிடமே ஒரு பழைய வழி இருக்கிறது. புதுத் தானியம் பற்றிய விதி ஒன்று உண்டு. பாஸ்காவுக்குப் பிறகு விதைத்து அறுத்த தானியத்தை அடுத்த பாஸ்கா வரை உண்ணக் கூடாது என்று சிலர் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்கள் தேடுவது யாஷான், அதாவது முந்தைய பயிரின் தானியம். அமெரிக்காவில் வசந்தகாலக் கோதுமையும் ஓட்ஸும் கோடை இறுதியில் அறுவடையாகும். அதற்குப் பிறகு கடைக்கு வருகிற மாவு எந்தப் பயிரில் வந்தது என்று முத்திரை சொல்லாது. பல ஆண்டுகளாக ஆர்வலர் ஒருவரின் முயற்சியில் ஒரு கையேடு வெளிவருகிறது. அது செய்வது மிக எளிய வேலை. இந்தத் தானியப் பொட்டலத்தில், இந்தத் தேதிக் குறியீட்டுக்கு முன்னால் அச்சானதை வாங்கலாம், பின்னால் அச்சானதை வேண்டாம். உற்பத்தியாளரின் தேதிக் குறியீட்டை வீட்டுப் பெண்கள் அலமாரி முன் நின்று தட்டெழுத்துத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணினிக்காரர்களாகிய நாங்கள் தொகுதி அளவிலான தகவல் என்று மாநாடு போட்டுப் பேசுவதை அவர்கள் அஞ்சல் தலை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இதை இயந்திரம் படிக்கிற வடிவில் செய்ய இப்போது வாய்ப்பு வருகிறது. பார்கோடு எண்களை உலக அளவில் நிர்வகிக்கிற ஜிஎஸ்1 அமைப்பு, 2027 இறுதிக்குள் கடைக் கல்லாக்கள் எல்லாம் சதுர வடிவ இருபரிமாணக் குறியீட்டைப் படிக்கத் தயாராக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. கோடு கோடான பழைய குறியில் பொருளின் எண் மட்டும்தான் இருக்கும். சதுரக் குறியில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் சேர்ந்து இருக்க முடியும். தொகுதி எண் தெரிந்தால் ஆலை தெரியும், ஆலை தெரிந்தால் சான்று தெரியும். அமைப்பு தன் பக்கத்தில் 'இந்த ஆலையின் இந்தப் பொருள், இன்ன வகை, இன்ன தேதி வரை' என்று மட்டும் சொன்னால் போதும். சப்ளையர் பெயர் வெளியே வராது, கெஃபனின் வாக்குறுதிக்கும் பழுதில்லை.

ஒரு நிபந்தனை. அந்தக் குறி பொருளின் எண்ணையும் தொகுதி விவரத்தையும் மட்டும் தர வேண்டும், விடை சான்றளித்த அமைப்பின் இடத்திலிருந்து வர வேண்டும். பொட்டலத்தில் அச்சடித்த இணைப்பு உற்பத்தியாளரின் பக்கத்துக்கே போய் அங்கே ஓர் அழகான முத்திரைப் படம் தெரிந்தால் அதற்கும் பொட்டலத்தில் அச்சடித்ததற்கும் வித்தியாசம் கிடையாது. திருட்டுத்தனமாக யு போடத் தெரிந்தவருக்குச் சதுரம் போடவும் தெரியும்.

அலுவலகத்தில் இதைச் சொன்னேன். 2027 வரை என்ன செய்வது என்று கேட்டார்கள். ஆம், இல்லை கட்டத்தை எடுத்துவிட்டு அமைப்பின் பெயரையும், வகையையும், அந்தத் தகவலைக் கடைசியாகச் சரிபார்த்த நாளையும் போடுங்கள், முத்திரை தவறாக அச்சானதாக அமைப்புகள் அவ்வப்போது வெளியிடுகிற எச்சரிக்கைகளை உடனே போனுக்கு அனுப்புங்கள், ஹெண்டன்காரி அக்கா கேட்ட அச்சுத் தாளும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேலாளர் படித்துவிட்டு, 'கட்டம் ஒன்று ஐந்தாகிவிட்டதே' என்றார்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

அந்த ஐந்தோடு 'பால் ஒவ்வாமைக்கு இதை நம்ப வேண்டாம்' என்ற வரியையும் சேருங்கள். பாரெவ் என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும், சிறிய எழுத்தில் இல்லாமல்.

சைவப்பிள்ளை எழுதியது:

மீன், முட்டை இருந்தால் அதையும். ஏழு.

ஊறுகாய்ப்பானை எழுதியது:

நெய்தல்வாசி, உங்கள் சதுரக் குறிக்கு ஆலைப் பக்கத்து நிலவரம் ஒன்று. எங்கள் லேபிள் அச்சகத்திலிருந்து உருளை உருளையாக முன்கூட்டியே வந்துவிடும். பார்கோடு அதிலேயே இருக்கும். தொகுதி எண்ணும் தேதியும் புட்டி ஓடுகிற ஓட்டத்தில் மூடியின் மேல் மையால் தெறிப்பது. தொகுதி எண் சதுரத்துக்குள் இருக்க வேண்டுமென்றால் சதுரத்தையே ஓட்டத்தில் அச்சடிக்க வேண்டும். இப்போதுள்ள அச்சுத் தலை அந்த வேகத்தில் அடித்தால் புள்ளிகள் கலங்கும், ஈர மூடியில் இன்னும் மோசம். புதுத் தலைக்கு விலை கேட்டிருக்கிறேன். வாங்குநர் அதில் பங்கு தருவாரா என்று அடுத்த ஒப்பந்தப் பேச்சில் கேட்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் முதலாளி. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.